நொய்க்குச் சுத்திப் போட்டேன்

ஏப்ரல் 12

வந்து சேந்துட்டேன். ரெண்டு விமானம், ஒரு வேன், கடைசியா ஒரு படகு. இடுப்பு கழண்டுருச்சு. படகுல பலகையில சம்மணம் போட்டுத்தான் உக்காரணும். ரெண்டு பக்கமும் மலை செங்குத்தா நிக்குது, நடுவுல ஆறு. நாம் ஊன்னு பேராம். கோவில்பட்டிக்காரி இவ்வளவு தண்ணியை ஒரே இடத்துல பாத்தா முதல்ல அழகாவா தெரியும்? வயித்தெரிச்சல்தான் வருது.

பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் டீச்சர் விலாய் படகுத்துறைக்கே வந்திருந்தாங்க. முப்பது வயசு இருக்கும், சிரிச்ச முகம். "பேரு செண்பகவல்லி, ட்ராயிங் டீச்சர், லாவோஸ் பிள்ளைகளுக்குப் படம் சொல்லித்தர வந்திருக்கேன்"னு கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல இருந்தே மனப்பாடம் பண்ணி வச்சிருந்ததை ஒப்பிச்சேன். "முழு லீவையும் இங்க கழிக்கிறீங்களா? ஊர்ல சொந்தக்காரங்க தேட மாட்டாங்களா?"ன்னாங்க. ஊர் சுத்திப் பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசைன்னேன். பொய்யில்ல.

தங்கறது சந்தலாங்கிற பொண்ணு வீட்டுல. மரக்கால் மேல நிக்கிற வீடு. கீழ கோழி, மேல நாங்க. புருஷன் தலைநகரத்துல கட்டட வேலை. ஒரே மக, ஆறு வயசு, பேரு நொய். சின்னவன்னு அர்த்தமாம். ஆளும் நொய்யரிசி மாதிரி பொடுசுதான்.

ராத்திரிச் சோறு கையில ஒட்டுற சோறு. உருட்டி உருட்டித் திங்கணும். இவர் போன் பண்ணி முதல் கேள்வியே "சாப்பாடு எப்படி?" பொண்டாட்டி எப்படின்னு ரெண்டாவதுதான் கேட்டார்.

ஏப்ரல் 14

நம்ம சித்திரை ஒண்ணுதான் இவங்களுக்கும் வருஷப் பிறப்பு. காலையில குளிச்சு, நல்ல சேலை கட்டிப் படி இறங்கினேன். தலையில ஒரு வாளி தண்ணி! யாருன்னு திரும்பிப் பாக்கறதுக்குள்ள அடுத்த வாளி. ஊரே தெருவுல நின்னு தண்ணி ஊத்துது. பட்டுச்சேலைம்மா, பட்டுச்சேலைன்னு கத்தினேன், யாருக்குப் புரியுது. நொய் ஒரு சின்ன டம்ளரோட வந்து, என் கால் கட்டைவிரல்ல மட்டும் ஊத்திட்டு ஓடிட்டா.

மத்தியானம் அம்மா போன். தம்பி மகளுக்குக் காதுகுத்து மே 11-ன்னு குறிச்சாச்சாம். பேரு தன்விகா. அம்மாவுக்கு அந்தப் பேரு வாயில நுழையாது, குட்டின்னுதான் சொல்லுவா. "நீ அவ்வளவு தூரத்துல இருந்து அலைய வேண்டாம் தாயி, வேலையை முடிச்சிட்டே வா"ன்னா.

நல்லதுதான். டிக்கெட் மாத்தினா காசு போகும்.

ஏப்ரல் 21

இன்னைக்குப் பள்ளிக்கூடம் திறந்துச்சு. முதல் வகுப்புல இருபது சொச்சம் பிள்ளைக. உங்களுக்குப் பிடிச்சதை வரைங்கன்னு விலாய் டீச்சரை விட்டுச் சொல்லச் சொன்னேன். ஒண்ணு விடாம எல்லாம் எருமை. ஒருத்தன் மட்டும் எருமை பின்னாடி நின்னு பாக்கிற மாதிரி வரைஞ்சிருந்தான், அதாவது வாலும் மத்ததும். அவனுக்குத்தான் நட்சத்திரம் போட்டேன்.

தரையில உக்காந்து க்ரயான் சீவிக்கிட்டிருந்தேன். நொய் வந்தா. கேக்கவும் இல்ல, சிரிக்கவும் இல்ல. ஏதோ நாற்காலியில உக்காருற மாதிரி என் மடியில உக்காந்து வரைய ஆரம்பிச்சுட்டா.

நான் அசையவே இல்ல. மணி அடிச்சப்போ கால் மரத்துப் போய் எழுந்திரிக்க முடியல. விலாய் டீச்சர்தான் தூக்கி விட்டாங்க.

ஏப்ரல் 22

இன்னைக்கும் உக்காந்தா.

ஏப்ரல் 26

சனிக்கிழமை. சந்தலாவும் நொய்யும் என்னைச் சந்தைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மூங்கில் குருத்து, மூட்டையா மிளகா, உயிரோட தவளை. ஒரு ஜாடியைத் திறந்து மோந்து பாருன்னாங்க. மீனை ஊறப்போட்டது. வெளிநாட்டுக்காரங்க மூக்கைப் பொத்திட்டு ஓடுவாங்களாம். கருவாட்டுக் குழம்புல வளந்தவகிட்டயா? "வாசனை நல்லாத்தான் இருக்கு"ன்னு இன்னொரு தடவை மோந்தேன். கடைக்காரிக்குத் தலைகால் புரியல, ஒரு கரண்டி ஓசியில குடுத்தா.

அப்புறம் ஆத்தோரமாவே ஒரு குகை வரைக்கும் நடந்தோம். வழியில ஆத்துப் பாசியை அலசி, தட்டி, எள்ளு தூவி அப்பளம் மாதிரி காயப்போட்டிருந்தாங்க. பொரிச்சுத் தின்னா முறுமுறுன்னு இருக்கு. நான் கொண்டு வந்த பருப்புப்பொடியைச் சந்தலா ஒட்டுச் சோத்துல தொட்டுத் தின்னா. டப்பா பாதி காலி. அவ லாவோல பேசுறா, நான் தமிழ்ல பேசுறேன். என்னை 'உவாய்'னு கூப்பிடுறா, அக்கான்னு அர்த்தமாம். சண்டை போடுற அளவுக்குப் பேச்சு வந்துருச்சு.

குகை வாசல்ல உக்காந்திருந்தப்போ, கையில பிள்ளையை ஆட்டுற மாதிரி காட்டி, எத்தனைன்னு விரலை நீட்டினா. கையை விரிச்சுக் காட்டினேன். நம்ம ஊர்னா இதுக்கப்புறம் ஒரு 'ச்சு' வரும். அப்புறம் டாக்டர் பேரு வரும், கோயில் பேரு வரும். இவ "ஓ"ன்னா. தூங்கி வழிஞ்ச நொய்யைத் தூக்கி என் தோள்ல போட்டுட்டு, முன்னாடி நடந்து போயிட்டா. மலை இறங்குற வரைக்கும் நான்தான் சுமந்தேன்.

எழுதிடறேன். தம்பி பொண்டாட்டி வளைகாப்பு அன்னைக்கு அம்மா என்னை அடுப்படியில நிக்க வச்சா. புளியோதரைக்கு ஆள் பத்தலன்னா. ஆள் இருந்தாங்க. பிள்ளை பிறந்ததும் போய்ப் பாத்தேன், மறுநாள் அதுக்கு வயித்தால போச்சு. யாரும் ஒண்ணும் சொல்லல. அடுத்த தடவை போனப்போ குழந்தை தூங்குதுன்னாங்க. அதுக்கு அடுத்த தடவையும் தூங்குச்சு. நான் போற நேரமெல்லாம் தூங்கற பிள்ளை!

என் கண்ணுல ஏதோ இருக்குன்னு நினைக்கிறாங்க. நானும்தான் நினைக்கிறேன், சில நேரம். ஆனா இந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல. அஞ்சு நாளா மடியில உக்காருறா, நல்லாத்தான் இருக்கா.

ஏப்ரல் 29

துணி காயலை. முதல் மழை. பாத்ரூம்ல முழ நீளத்துக்கு ஒரு பல்லி, அது பேரைச் சொல்லி அதுவே கத்துது. இவர்கிட்டச் சொன்னேன், "எந்தப் பக்கம் கத்துச்சு, பலன் பாரு"ங்கிறார். கொழுப்பு.

மே 2

இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல போட்டோ எடுக்கிற நாள். நொய்க்குக் கரை வச்ச பட்டுப் பாவாடை, உச்சியில கொண்டை, அதைச் சுத்தி வெள்ளைப் பூ. படி இறங்கி வந்தா பாருங்க, ஆத்தாடி! எனக்குத் தெரிஞ்ச பத்து லாவோ வார்த்தையில ஒண்ணு 'ஙாம்', அழகு. "ஙாம்! ஙாம்! ஙாம்!"னு கத்தி, கன்னத்தை வழிச்சு நெட்டி முறிச்சேன். பத்து விரலும் சொடுக்கு விட்டுச்சு. சந்தலா முகம் ஒரு நிமிஷம் மாறிச்சு. அப்புறம் ஏதோ சொல்லிச் சிரிச்சா.

பள்ளிக்கூடத்துல விலாய் டீச்சர்கிட்டக் கேட்டேன். "இங்க சின்னப் பிள்ளைகளை அழகுன்னு சொல்ல மாட்டோம் டீச்சர். அசிங்கமா இருக்குன்னுதான் கொஞ்சுவோம். ஆவி கேட்டுச்சுன்னா ஆசைப்பட்டுக் கூட்டிட்டுப் போயிரும்னு ஒரு பயம்"னாங்க. அவங்க சாதாரணமாத்தான் சொன்னாங்க. எனக்குக் குலை நடுங்கிருச்சு. சும்மா கிடந்த பிள்ளையை என் வாயும் கண்ணும் சேந்து இப்படிப் பண்ணிருச்சேன்னு நாள் பூரா ஒரு வேலையும் ஓடல.

சாயங்காலம் சந்தலா ஆத்துக்குப் போயிருந்தா. இதுதான் நேரம்னு, அடுப்படியில கல்லுப்பும் காஞ்ச மிளகாயும் எடுத்து, நொய் காலடி மண்ணையும் கொஞ்சம் சேத்து, அவளைக் கிழக்க பாத்து உக்கார வச்சுச் சுத்தினேன். ஊர் கண்ணு, உறவு கண்ணு, வந்த கண்ணு, போன கண்ணு எல்லாம் போகணும்னு. கடைசியில சத்தமில்லாம 'என் கண்ணும்'னு சேத்துக்கிட்டேன். மூணு தடவை துப்புன்னு சைகை காட்டினேன். விளையாட்டுன்னு நினைச்சு ஏழெட்டுத் தடவை துப்பினா.

கரி அடுப்புல போட்டேன். நம்ம ஊர் மிளகாய்னு நினைச்சு ஒரு கைப்பிடி. இந்த ஊர் மிளகாய் சுண்டுவிரல்ல பாதிதான் இருக்கும், உள்ள இருக்கிறது வெடிமருந்து. உப்பு பட்டாசா வெடிச்சுது. பொகை கிளம்பி வீடு பூரா சூழ்ந்துருச்சு. கீழ கோழியெல்லாம் அலறிப் பறக்குது, பக்கத்து வீட்டு நாய் குலைக்குது. நொய் வீல்னு கத்திட்டுப் படியில உருண்டு ஓடினா. முழங்கால்ல சிராய்ப்பு. ஆத்துல இருந்து ஓடி வந்த சந்தலா, வீடு பத்திக்கிச்சுன்னு நினைச்சு, கொண்டு வந்த வாளித் தண்ணியை அப்படியே அடுப்புல கொட்டினா. இன்னைக்கு ராத்திரி எல்லாருக்கும் பிஸ்கட்தான்.

சங்கடமாத்தான் இருக்கு. ஆனாலும் நல்ல நெடி. எல்லாரும் இருமித் தள்ளிட்டோம். கண்ணு பட்டிருந்தா நெடியே வராதுன்னு சொல்லுவாங்க. நெடி வந்துச்சு. அப்போ என் கண்ணுல ஒண்ணும் இல்ல. இருமி இருமி எனக்கு ஒரே சந்தோஷம்.

மே 3

நொய்க்குக் காய்ச்சல். காலையில இருந்து அனலாக் கொதிக்குது.

மே 4

கஞ்சி வச்சு எடுத்துட்டுப் போனேன். சந்தலா கதவைப் பாதி திறந்து, ரெண்டு கையையும் சேத்துக் கன்னத்துல வச்சுக் காட்டினா. தூங்குறாளாம்.

கஞ்சியை நானே குடிச்சேன்.

மே 5

சுகாதார நிலையத்துல ரத்தம் எடுத்துப் பாத்தாங்களாம். மலேரியா இல்ல, டெங்கு இல்ல, தொண்டைதான் சிவந்திருக்குன்னு மாத்திரை குடுத்திருக்காங்க. வகுப்புல பிள்ளைக இன்னைக்கும் எருமை வரைஞ்சாங்க. நான் நாற்காலியில உக்காந்தேன்.

இவருக்குப் போன் போட்டு டிக்கெட்டை முன்னாடி மாத்துங்கன்னேன். என்ன ஏதுன்னு பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டார். சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன், தூங்கற பிள்ளை கதை வரைக்கும். பதினஞ்சு வருஷத்துல இதை அவர்கிட்ட வாய் விட்டுச் சொன்னதில்ல. "ஏட்டி செம்பா, உன் கண்ணுல என்ன இருக்கு? பதினஞ்சு வருஷமா தெனம் என்னைத்தான பாக்கிற? தொப்பையும் தொந்தியுமா நல்லாத்தான இருக்கேன். கண்ணு பட்டுக் கொஞ்சமாவது இளைச்சேனா?"ன்னார். சிரிச்சுட்டேன். அப்புறம் அழுதேன். "டிக்கெட்டை மாத்த மாட்டேன். அந்தப் பிள்ளை எழுந்திரிச்சு நடக்கிறதைப் பாத்துட்டு வா. பாக்காம வந்தேன்னா காலம் பூரா இதையே சொல்லிட்டு இருப்ப"ன்னார்.

சீனிராஜைக் கட்டினதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. அவர்கிட்டச் சொல்லக் கூடாது, தலைக்கு ஏறிரும்.

மே 7

காய்ச்சல் விட்டுருச்சாம். ஆனா நொய் பேச மாட்டேங்கிறா, திங்க மாட்டேங்கிறா, யாராவது பாத்திரத்தைக் கீழ வச்சாக்கூடத் தூக்கிப் போடுது. விலாய் டீச்சர் போய்ப் பாத்துட்டு வந்து சொன்னாங்க.

"ஒவ்வொரு ஆளுக்கும் உடம்புல முப்பத்திரண்டு க்வான் இருக்கும் டீச்சர். உயிர்னு வச்சுக்கங்க. திடுக்குன்னு பயந்தா அதுல ஒண்ணு ஓடிப் போயிரும். நொய்யோடது ஓடிருச்சு. நாளை மறுநாள் கூப்பிட்டுக் கையில நூல் கட்டப் போறாங்க."

"அப்போ என்னாலதான் ஓடுச்சு."

"ஆமா, உங்க மிளகாயாலதான்"னாங்க. மூஞ்சியில அடிச்ச மாதிரி இருந்துச்சு.

"சந்தலாவுக்கு என் மேல கோவமா?"

"எதுக்குக் கோவம்? இடி இடிச்சா ஓடும், நாய் துரத்தினா ஓடும். கூப்பிட்டா வந்துரும்."

"மிளகாய் இல்ல டீச்சர். என் கண்ணு"ன்னு ஆரம்பிச்சு, தெரிஞ்ச இங்கிலீஷ்ல எல்லாத்தையும் சொன்னேன். அவங்க என் முகத்தையே பாத்தாங்க. "கண்ணைப் பாத்து அவ பயப்படல. பொகையைப் பாத்துத்தான் பயந்தா. நாங்க எல்லாருமே பயந்தோம்"னாங்க.

ஆனாலும் ஒரு நல்ல காரியத்துல நான் எதுக்கு. அன்னைக்கு விலாய் டீச்சர் வீட்டுல இருந்துக்கறேன்னேன். அதெல்லாம் முடியாதுன்னுட்டாங்க.

மே 9

கொஞ்சம் நிதானமா எழுதணும்.

காலையிலேயே வீடு நிறையப் பொம்பளைக. வாழையிலையைக் கூம்பு கூம்பா சுருட்டி, சாமந்திப்பூ சொருகி, தட்டு மேல கோபுரமா அடுக்கினாங்க. வெள்ளை நூலு கத்தை கத்தையா தொங்குது. சுத்தி அவிச்ச முட்டை, வாழைப்பழம், சோத்து உருண்டை. நான் யாரும் சொல்லாமலே அடுப்படிக்குப் போய்ப் பூண்டு உரிக்க உக்காந்துட்டேன். பழக்கம்தான்.

சந்தலா வந்தா. கையில இருந்த பூண்டைப் பிடுங்கி வச்சுட்டு, மணிக்கட்டைப் பிடிச்சு இழுத்தா. "நான் இங்கயே இருக்கேன் தாயி, நல்ல காரியம்"னு தமிழ்லயே கெஞ்சினேன். பிடியை விடல. தரதரன்னு கூடத்துக்கு இழுத்துட்டுப் போய், நொய்க்கு நேர் எதிர்ல உக்கார வச்சுட்டா. பிள்ளை முகம் வாடிக் கிடந்துச்சு. என்னைப் பாத்ததும் அம்மா முதுகுக்குப் பின்னாடி போயிட்டா.

மந்திரம் சொல்ற பெரியவர் ராகமா ஏதோ சொல்லிட்டே போனார். காட்டுல இருந்தாலும் வா, ஆத்துல இருந்தாலும் வான்னு க்வானைக் கூப்பிடுறாராம், விலாய் டீச்சர் காதுல சொன்னாங்க. முடிச்சதும் சந்தலா ஒரு நூலை எடுத்து என் கையில குடுத்து, படபடன்னு ஏதோ சொன்னா.

"முதல் நூலை நீங்க கட்டணுமாம்."

"நானா? ஐயோ, அவ அம்மா இருக்கறப்போ நான் எதுக்கு?"

விலாய் டீச்சர் திருப்பிக் கேட்டுச் சொன்னாங்க. "ஓடுனது உங்ககிட்ட இருந்துதான? அப்போ நீங்க கூப்பிட்டாத்தான் பயம் இல்லாம வருமாம். உங்க பாஷையிலயே கூப்பிடணுமாம்."

சுத்தி அத்தனை பேரும் பாக்கிறாங்க. எத்தனையோ வளைகாப்பு, பேர் வைக்கிறது, காதுகுத்து. ஒண்ணுலயாவது முதல்ல நீ வான்னு என்னை யாரும் கூப்பிட்டதில்ல. நூலைப் பிள்ளை பக்கமா நீட்டிக் கூப்பிட்டேன்.

"வாடி தங்கம். வா தாயி. அத்தை தெரியாம பண்ணிட்டேன். இனிமே பொகை போட மாட்டேன், சத்தியமா. எங்க போய் ஒளிஞ்சிருந்தாலும் வந்துரு. உன் அம்மா காத்துக்கிட்டு இருக்கா, நானும் காத்துக்கிட்டு இருக்கேன். எருமை வரையணும்ல? வாடி என் செல்லம்."

யாருக்கு என்ன புரிஞ்சுதோ, ரெண்டு கிழவிக கண்ணைத் துடைச்சாங்க. நொய் அம்மா தோளுக்கு மேல எட்டிப் பாத்தா. அப்புறம் ஒரு கை மட்டும் வெளிய வந்துச்சு. கட்டினேன். ரெண்டு முடிச்சு, நல்லா இறுக்காம. அத்தனை பேரும் ஒருத்தர் முழங்கையை ஒருத்தர் தொட்டுக்கிட்டு இருந்தாங்க, என் முதுகுலயும் யாரோ ஒருத்தர் கை. அவ அம்மா அப்புறம்தான் கட்டினா.

எல்லாம் முடிஞ்சுதுன்னு எழுந்திரிக்கப் போனேன். சந்தலா என் கையையும் பிடிச்சுக் கட்டினா. "உனக்கும் ஓடிப் போயிருக்கும் உவாய், அன்னைக்கு நீயும்தான் பயந்த"ன்னாளாம். அதுக்கப்புறம் வரிசையா எல்லாரும் கட்டி, முழங்கை வரைக்கும் எனக்கு நூலு. நான் அழுத அழுகைக்கு நொய்யே பயந்து போய், சோத்து உருண்டையை எடுத்து என் வாயில திணிச்சா.

மிச்சத்தை அவ தின்னா. எச்சில்னு சொல்ல யாரும் இல்ல.

மே 10

நாலு முட்டை. ஒரு பிடி பாசி அப்பளம். பாதி மாம்பழம். நொய் இன்னைக்குச் சாப்பிட்டது.

மே 11

ஞாயிறு. சந்தலா காலையிலேயே கடலைத் தோட்டத்துக்குக் கிளம்பினா. நொய் பாதித் தூக்கத்துல இருந்தா. வழக்கமா கூட்டிட்டுத்தான் போவா. இன்னைக்கு அப்படியே தூக்கிக் கொண்டு வந்து என் மடியில போட்டுட்டு, கூடையை மாட்டிட்டுப் போயிட்டா. ஒரு வார்த்தை சொல்லல. திரும்பிக்கூடப் பாக்கல.

கொஞ்ச நேரத்துல அம்மா வீடியோ கால். பின்னாடி ஒரே மேளச் சத்தம், கோயில் வாசல். "நல்லபடியா முடிஞ்சுது தாயி. குட்டி ரெண்டு காதுக்கும் சேத்து ஒரே அழுகை"ன்னா. அப்புறம் கண்ணைச் சுருக்கிட்டுப் பாத்தா.

"அது யாரு மடியில?"

"இந்த வீட்டுப் பிள்ளை."

"காய்ச்சல் வந்துச்சுன்னு மாப்பிள்ளை சொன்னாரே, அதுவா?"

"ஆமா. இப்போ நல்லாயிட்டா."

"அது அம்மா எங்க?"

"தோட்டத்துக்குப் போயிருக்கா. சாயங்காலம் வருவா."

"உன்கிட்ட விட்டுட்டா?"

"ஆமாம்மா. என்கிட்ட விட்டுட்டுத்தான் போயிருக்கா."

அம்மா வாயைச் சேலைத் தலைப்பால பொத்தினா. "செம்பகம்"னா. மேல வார்த்தை வரல. வேண்டாம்மா, பரவால்லம்மான்னு சொல்லி இருக்கலாம். சொல்லல. பதினஞ்சு வருஷமா நான்தான் சொல்லிட்டு இருக்கேன்.

அப்புறம் போன் ஆடுச்சு. அம்மா கூட்டத்துக்குள்ள போறா. யாரோ "இப்ப எதுக்கு மதினிக்கு"ன்னாங்க. "நீ சும்மா இரு, நான் காட்டுறேன்"னு அம்மா குரல். நல்லா அதட்டலா. திரை பூரா ஒரு முகம் வந்துச்சு. மொட்டைத் தலை, சந்தனம், அழுது வீங்கின கண்ணு, காதுல புதுப் பொட்டுத் தங்கம்.

"குட்டி, இங்க பாரு. அத்தையைப் பாரு. உன் அத்தைடி அது"ன்னு அம்மா சொன்னா.

தம்பி மக முழிச்சிருந்தா. நல்லா முழிச்சிருந்தா. நான் பாத்தேன். கண்ணு கொட்டாம, ஆசை தீரப் பாத்தேன்.